நாற்பத்தொரு பேரும் ஒரு குடையும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், மனுஷனைவிடப் பால்மரத்துக்கு மதிப்பு அதிகமாக இருந்த காலத்தில், சுங்கை மெந்தாரா என்று ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்ததாம். அந்தத் தோட்டத்தில் வைரக்கண்ணு என்று ஒரு கங்காணி இருந்தாராம். கோட்டு போட்டிருப்பாராம். தலைப்பாகை கட்டியிருப்பாராம். காலில் சப்பாத்து, கையில் பிரம்பு, கக்கத்தில் குடை. விடியும் முன்னே தப்பு அடிக்கும். லயத்து வரிசை வீட்டு ஜனமெல்லாம் எழுந்து பெரட்டுக் களத்துக்கு ஓடும். களத்து நடுவில் ஒரு பெரிய சிமெண்டுக் கல். அதன்மேல் கங்காணி ஏறி நின்று பேர் கூப்பிடுவாராம். கூப்பிட்ட பேருக்கு ஆள் வந்து நிற்க வேண்டும். நிற்காதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு அரிசி இல்லை. பெரட்டு என்றால் அவ்வளவுதான். பேர் கூப்பிட்டால் போய் நிற்க வேண்டும்.

சரி. ஜப்பான்காரன் வந்தானாம். சயாமில் ரயில்பாதை போட ஆள் வேண்டும், நாற்பத்தொரு பேரைக் கொடு என்றானாம். கங்காணி கல்லின்மேல் ஏறி, முதலில் என்னைக் கொண்டுபோ என்றாராம். ஜப்பான்காரன் துப்பாக்கிக் கட்டையால் அடித்தானாம். அடித்தும் அவர் இறங்கவில்லையாம். கடைசியில் அவரை விட்டுவிட்டு, நாற்பத்தொரு பேரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம். ஒருத்தனும் திரும்பி வரவில்லை. கங்காணி மனசு உடைந்துபோய், வருஷா வருஷம் அதே நாளில் அதே கல்லில் வெறுங்காலோடு நின்று, அந்தப் பேரையெல்லாம் கூப்பிடச் சொல்லிக் கேட்டாராம். அதனால்தான் இன்றைக்கும் ஆனி மாசம் கடைசி ஞாயிறு அங்கே பேர் கூப்பிடுகிறார்களாம். அதனால்தான் கங்காணி வீட்டு ஆளுக்கு அன்றைக்கு முதல் மரியாதையாம்.

இப்படித்தான் சொல்வார்கள். சொல்கிறவர்கள் யார் என்று பாருங்கள். கங்காணி வீட்டு ஆட்கள். இதில் கல் இருந்தது உண்மை, லாரி வந்தது உண்மை, ஒருத்தனும் திரும்பாதது உண்மை. மற்றதெல்லாம் புளுகு.

புளுகு என்று கண்டுபிடித்தவளும் அதே வீட்டுக்காரிதான். கங்காணியின் கொள்ளுப்பேத்தி, பேர் லோஷினி, பதினேழு வயசு. ஐந்தாம் படிவப் பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்டு, இனிமேல் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தாள். வாய் மட்டும் உட்காரவில்லை.

தோட்டம் இப்போது இல்லை. மரத்தை வெட்டி, வீடு கட்டி, தாமான் என்று குடியிருப்பு ஆக்கிவிட்டார்கள். முனியாண்டி கோயிலும், பூப்பந்துக் களத்து ஓரத்தில் அந்தக் கல்லும்தான் மிச்சம். கோயில் தலைவர் தனபாலன், லோஷினியின் பெரியப்பா. வருஷா வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை கல்லின்மேல் ஒரு நாற்காலி போடுவார்கள். நாற்காலிமேல் சிவப்புத் துணி. துணிமேல் பெரியப்பா. கழுத்தில் மாலை. பக்கத்தில் லோஷினியின் அப்பா நின்று குடை பிடிப்பார். அப்பாவுக்கு அந்த வீட்டில் கொடுத்திருந்த ஒரே பதவி அதுதான். செயலாளர் மைக்கில் பேர் வாசிப்பார். ஒவ்வொரு பேருக்கும் பெரியப்பா ஒரு தடவை மணி ஆட்டுவார். நாற்பத்தொரு மணி. முடிந்ததும் பந்தி.

பந்தியில் உட்காராத ஒரே ஆள் டயர் கடை மருதப்பன். வருவார், கூட்டத்துக்குப் பின்னால் தனியாக நிற்பார், பாதிப் பேருக்குமேல் வாசித்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். ஐம்பது வயசு தாண்டிய மனுஷன், ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை, ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. அது திமிர் பிடித்த குடும்பம் என்று பெரியப்பா சொல்வார். லோஷினியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அந்த வருஷம் பெரியப்பா அவளைக் கூப்பிட்டார். "சும்மாதானே இருக்க. நம்ம குடும்ப வரலாற எழுதிக் குடு. கோயில் விழா மலர்ல போடணும். இந்த வருஷம் கல்வெட்டு வைக்கிறோம்."

கருப்புக் கிரானைட்டு. வெட்டக் கொடுத்தாகிவிட்டது. 'தியாகி வைரக்கண்ணு கங்காணி' என்று பொன் எழுத்து, கீழே அவர் முகம். போன நாற்பத்தொரு பேருடைய பேர் அதில் இல்லை. ஏன் என்று லோஷினி கேட்டாள். இடம் பத்தவில்லையாம். முகத்துக்கு இடம் பத்தியது.

அவள் வீட்டில் இருந்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தாள். பழைய படங்கள். கங்காணி இருக்கிற படம் பதினொன்று. பத்துப் படத்தில் கோட்டு, தலைப்பாகை, சப்பாத்து, குடை. பதினொன்றாவதில் கல்லின்மேல் நிற்கிறார். தலையில் ஒன்றும் இல்லை, காலில் ஒன்றும் இல்லை, துண்டு இடுப்பில் கட்டியிருக்கிறது. பின்னால் வரிசையாகப் பெண்கள். படம் எடுக்கும்போது எல்லோரும் கேமராவைத்தானே பார்ப்பார்கள்? இவர்கள் ஒருத்திகூடப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு அவர் முதுகையே பார்க்கிறார்கள்.

இதில் மட்டும் ஏன் சப்பாத்து இல்லை என்று பெரியப்பாவிடம் கேட்டாள். பணிவு என்றார்.

"அவருக்கா? வேற படத்துல குளிக்கப் போறப்பகூடக் குடை வச்சிருக்காரு."

பெரியப்பா சப்பாத்து இல்லாத படத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த அவசரம்தான் அவளுக்கு உறுத்தியது. பணிவான படத்தை யாராவது ஒளித்து வைப்பார்களா?

நேரே டயர் கடைக்குப் போனாள். மருதப்பன் ஒரு லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். இவள் வீட்டில் வளைத்துப் பேசுகிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு, இவளுக்கு மட்டும் இல்லை.

"அங்கிள், நீங்க ஏன் வருஷா வருஷம் சாப்பிடாமப் போறீங்க?"

அவர் நிமிரவே இல்லை. "கங்காணி வீட்டுப் பொண்ணுக்கு என் வயித்து மேல என்ன அக்கறை?"

"மலர்ல எழுதணும்."

அவர் சிரித்தார். "நான் சொல்லுவேன், நீ எழுதுவ, உங்க பெரியப்பா அச்சடிப்பாரு. அப்புறம் இந்த டயரெல்லாம் தானா போய் மாட்டிக்கும்." சிரிப்பு அதோடு நின்றது. தன் பாட்டி பாவாயி பெருவிரல் வைத்த ஒரு மனு கவர்மெண்டுக்குப் போனது என்றும், போனதுதான் தெரியும், அப்புறம் என்ன ஆனது என்று தெரியாது என்றும் சொன்னார். "வாயால சொன்னா கட்டுக்கதைன்னு சொல்லுவீங்க. அந்தப் பேப்பரத் தேடி எடுத்துட்டு வா. அப்புறம் பேசலாம்." அவள் எங்கே போய் எடுக்கப்போகிறாள் என்ற நினைப்பில்தான் சொன்னாராம்.

அவளுக்கு அது போதும். ரயில் ஏறிக் கோலாலம்பூருக்குப் போனாள். ஆவணக் காப்பகத்தில் நிரப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒரு கட்டம். கோடு போட்டாள். ஆராய்ச்சியின் நோக்கம் என்று ஒரு கட்டம். 'எங்கள் வீட்டில் பொய் சொல்கிறார்களா என்று பார்க்க' என்று எழுதினாள். அங்கே வேலை பார்த்த ஒரு அம்மா அதைப் படித்துவிட்டு, இவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, முத்திரை குத்தினாராம்.

முதல் தடவை ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை வேறு தோட்டத்துக் கட்டு வந்தது. மூன்றாம் தடவை வந்தது. பழுப்பேறிய நாலு தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம். யாரோ எழுதத் தெரிந்தவரைப் பிடித்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்திருக்கிறார்கள்.

'கனம் பொருந்திய துரை அவர்கள் சமூகத்துக்கு, சுங்கை மெந்தாரா தோட்டத்துப் பெண்கள் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். ஜப்பான் காலத்தில், ஆனி மாசத்தில் ஒரு ஞாயிறு, அரிசி கொடுப்பதாகச் சொல்லி வைரக்கண்ணு கங்காணி பெரட்டுக்குத் தப்பு அடித்தார். வழக்கம்போல் பேர் கூப்பிட்டார். வந்து நின்றவர்களை லாரியில் ஏற்றினார்கள். மேற்படி கங்காணியின் குமாரர் இருவரும் மருமகன் ஒருவரும் அதே பெரட்டில் பேர் உள்ளவர்கள். அன்றைக்கு அவர்கள் பேர் கூப்பிடப்படவில்லை. கங்காணி அனுப்பிய ஆட்களின் பேர் பின்வருமாறு.'

கீழே நாற்பது பேர். அதற்குக் கீழே பேர் போட்டுப் பத்தொன்பது பெருவிரல். ஓரத்தில் யாரோ பென்சிலில் 'கோப்பில் வைக்கவும்' என்று எழுதியிருந்தார்கள். கோப்பிலேயே இருந்தது. எண்பது வருஷம் இருந்தது.

லோஷினி அந்தக் குமாரர் இருவரை நினைத்துப் பார்த்தாள். அதில் இளையவர் ரெங்கராசு. அவளுடைய தாத்தா. அன்றைக்கு அந்தப் பேரைக் கூப்பிட்டிருந்தால் தாத்தா இல்லை. தாத்தா இல்லாவிட்டால் பெரியப்பா இல்லை, அப்பா இல்லை, இவள் இல்லை. இவள் உட்கார்ந்து மூச்சு விடுவதே அந்தப் பேரைக் கூப்பிடாததால்தான். அந்த இடத்தை நிரப்ப இன்னொரு வீட்டு ஆள் போயிருக்கிறான். அதற்குத்தான் மாலை. அதற்குத்தான் மணி. அவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்து போய் நகல் கேட்டாள்.

நகலை எடுத்துக்கொண்டு டயர் கடைக்கு வந்தாள். வாசித்தாள். மருதப்பன் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். பத்தொன்பது பெருவிரலில் எது பாவாயி என்று கேட்டார். மூன்றாவது என்றாள். அந்த மையின்மேல் விரலை வைத்துக்கொண்டுதான், தாளில் இல்லாத மீதியைச் சொன்னாராம். அவருக்கு அதைச் சொன்னது பாவாயி. பாவாயி போய்ச் சேரும்போது அவருக்குப் பத்தொன்பது வயசு. அதனால் இது காதோடு காதாக வந்த கதை இல்லை, நேரே வந்த கதை.

நாலு நாளாக லயத்தில் மரவள்ளிக்கிழங்குதானாம். அரிசி என்று சொன்னால் போதாதா? தப்பு அடித்ததும் ஓடியிருக்கிறார்கள். கங்காணி கல்லின்மேல் ஏறி, "பச்சையப்பன்" என்றாராம். பச்சையப்பன் வந்து நின்றான். "குழந்தையன்" என்றாராம். குழந்தையன் வந்து நின்றான். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஸ்டோருக்குப் பின்னால் நின்றார்கள். யாரையும் பிடிக்கவில்லை, துரத்தவில்லை. தேவையே இருக்கவில்லை. பத்து வருஷமாகப் பேர் கூப்பிட்டால் போய் நின்ற ஜனம். அன்றைக்கும் பேர் கூப்பிட்டார், போய் நின்றார்கள். நின்ற இடத்துக்குப் பின்னால் லாரி வந்தது.

அப்புறம் ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்தான். கங்காணியும் கோட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி தப்பு அடிக்கச் சொன்னாராம். துரை ஒரு பக்கம் நிற்க, கல்லின்மேல் ஏறி, மிச்சம் இருந்த பேரைக் கூப்பிட்டாராம். பெண்கள் பேர்தான் அதிகம். "பாவாயி" என்றாராம்.

பாவாயி வரவில்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டு சொன்னதாம்: "நீ கூப்பிட்டது பத்தாது. பழைய பெரட்டக் கூப்பிடு."

கங்காணி கூப்பிடவில்லை. பாவாயி கூப்பிட்டதாம். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பத்து வருஷம் தினம் விடியற்காலையில் கேட்ட பேர், கேட்ட வரிசை. பச்சையப்பன் என்றதாம். ஆள் வந்து நிற்கிற நேரம் பொறுத்ததாம். யாரும் வரவில்லை. "எங்க?" என்று கங்காணியைக் கேட்டதாம். குழந்தையன் என்றதாம். பொறுத்ததாம். "எங்க?" இப்படியே கடைசிப் பேர் வரைக்கும். களத்தில் ஒரு பிள்ளை அழவில்லையாம்.

அப்புறம் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். கங்காணி பதில் சொல்லும்வரை ஒரு மரத்திலும் கத்தி வைக்கமாட்டோம் என்றார்கள். ஒரு நாள் ஆனது. கங்காணி பிரம்பை ஓங்கினார். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் ஆனது. துரை கத்தினான். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் துரை கங்காணியைப் பார்த்து, உன்னால்தான் என் பால் நிற்கிறது, நீயே முடித்துக்கொள் என்றானாம்.

கங்காணி கல்லண்டை வந்தார். பாவாயி விடவில்லை. குடையைக் கீழே வை என்றதாம். வைத்தார். கோட்டைக் கழற்று. கழற்றினார். தலைப்பாகை. அவிழ்த்தார். சப்பாத்து. அதற்கு மட்டும் கொஞ்ச நேரம் ஆனதாம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெயிலில் ஏறி நின்றார். பாவாயி ஒவ்வொரு பேராகச் சொல்ல, ஒவ்வொரு பேருக்கும், "நான்தான் பேர் குடுத்தேன்" என்று சொன்னார். அதைத்தான் துரை படம் எடுத்தான். அந்தப் படத்தைத்தான் பெரியப்பா சட்டைப் பையில் ஒளித்தார்.

அன்றைக்குப் பாவாயி சொன்ன தீர்ப்பு இது: வருஷா வருஷம் அந்த ஞாயிறு அவர் இப்படியே நின்று இதையே சொல்ல வேண்டும். அவர் செத்தால் அவர் பிள்ளை. பிள்ளை செத்தால் பேரன்.

கங்காணி சாகும்வரை நின்றாராம். அவருக்குப் பின்னால் தாத்தா ரெங்கராசு நின்றாராம். ஒரு வருஷம் மழை. குடை வந்தது. அடுத்த வருஷம் மழை இல்லை, குடை மட்டும் வந்தது. பாவாயி செத்த வருஷம், "நான்தான்" என்கிற பேச்சு நின்று மணி வந்தது. பெரியப்பா காலத்தில் நாற்காலி வந்தது, மாலை வந்தது. பழைய ஜனம் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது, புதிதாகக் குடிவந்தவர்களுக்கு யார் சொல்வது? தண்டனையாகக் கொடுத்த இடத்தை மரியாதை என்று நினைத்துக்கொண்டு மணி ஆட்டிய குடும்பம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

லோஷினிக்கு ஒன்று மட்டும் இடித்தது. "பேப்பர்ல நாப்பது பேர்தான் இருக்கு. நாம வாசிக்கிறது நாப்பத்தொண்ணு. உங்க தாத்தா சடையன் பேர் பேப்பர்ல இல்ல. ஏன் அங்கிள்?"

மருதப்பன் எழுந்தார். ஸ்பேனரை எடுத்தார். "கடைக்கு ஆள் வருது. நீ போ," என்றார். ஆள் யாரும் வரவில்லை.

அவள் எல்லாவற்றையும் எழுதிப் பெரியப்பாவிடம் கொடுத்தாள். பெரியப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். அதிர்ச்சி ஒன்றும் இல்லை. அங்கேதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

தெரியும் என்றார். தாத்தா சாகும்போது சொன்னாராம். சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்றாராம். தாத்தா கல்லில் நின்றுவிட்டு வந்தால் ஒரு வாரம் யாரோடும் பேச மாட்டாராம். அந்த வாரத்தைப் பார்த்துத்தான் பெரியப்பா வளர்ந்தாராம். அப்புறம் குரலை உயர்த்தினார்.

"ஜப்பான்காரன் துப்பாக்கி வச்சிருந்தான். பெத்த பிள்ளையக் குடுன்னா யாரு குடுப்பா? நீ அங்க இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"தெரியல பெரியப்பா. நானும் அதையேகூடப் பண்ணியிருப்பேன். ஆனா அதுக்குக் குடை பிடிக்கச் சொல்லியிருக்க மாட்டேன்."

குடை பிடிக்கிற அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா அவள் எழுதியதை நாலாக மடித்தார். மலரில் பழைய கதையே போகும் என்றார். ஞாயிற்றுக்கிழமை கல்வெட்டுத் திறப்பு, எம்.பி. வருவார், நீ வீட்டில் இரு என்றார்.

வீட்டில் இருக்கச் சொன்னால் இருக்கிற ஆளா அவள்? அந்த ஒரு வாரம் அவள் செய்தது ஒரே வேலை. நாற்பத்தொரு பேரையும் வரிசை மாறாமல் மனப்பாடம் செய்தாள். வாய்ப்பாடு ஏறாத தலை. இது ஏறியது. பாவாயிக்குப் படிக்காமல் ஏறியது, எனக்கு ஏறாதா என்ற கோபம்.

ஞாயிறு வந்தது. எம்.பி. வரவில்லை, ஆள் அனுப்பியிருந்தார். கல்லுக்குப் பக்கத்தில் கிரானைட்டு மஞ்சள் துணி மூடி நின்றது. நாற்காலி, சிவப்புத் துணி, பெரியப்பா, மாலை, மணி. அப்பா குடை பிடித்தார். பின்னால், எப்போதும் நிற்கிற இடத்தில், மருதப்பன் நின்றார்.

"பச்சையப்பன்," என்று செயலாளர் மைக்கில் வாசித்தார்.

பெரியப்பா கை மணிக்குப் போவதற்குள் லோஷினி செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின்மேல் ஏறிவிட்டாள். மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"பச்சையப்பன். எங்க கொள்ளுத்தாத்தா வைரக்கண்ணு பேர் குடுத்தாரு. எங்க தாத்தா பேரக் குடுக்கல."

பெரியப்பா, இறங்கு என்றார். பல்லுக்குள் சொன்னார். அவள் இறங்கவில்லை. செயலாளர் தாளைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், இரண்டாவது பேரை வாசிக்கவில்லை. யாரோ மைக்கை அணைத்தார்கள். அவளுக்குத் தாள் எதற்கு, மைக் எதற்கு? குழந்தையன் என்று தானே கூப்பிட்டாள். ஆள் வந்து நிற்கிற நேரம் பொறுத்தாள். "எங்க கொள்ளுத்தாத்தா பேர் குடுத்தாரு." மூன்றாவது பேர். பொறுத்தாள். சொன்னாள். கூட்டத்தில் முதலில் ஒரு சலசலப்பு இருந்ததாம். பொண்ணுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்களாம். நாலாவது, ஐந்தாவது பேரில் அது குறைந்தது. வெயில் உச்சந்தலையில் இறங்கியது. கல் சுட்டது. கால் மாற்றி மாற்றி நின்றாள். ஏழாவது பேரில் பக்கத்தில் படக் என்று ஒரு சத்தம்.

அப்பா குடையை மடித்துவிட்டார்.

மடித்த குடையைக் கல்லோரம் சாய்த்து வைத்துவிட்டு, அவரும் செருப்பைக் கழற்றினார். மகள் பக்கத்தில் நின்றார். எட்டாவது பேருக்கு இரண்டு குரல் வந்தது. அப்பாவின் குரல் அவ்வளவு கனமாக இருக்கும் என்று லோஷினிக்கே அன்றைக்குத்தான் தெரியுமாம்.

பெரியப்பா மாலையோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டாவது பேர் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். எழுந்து அவர்களோடு நிற்பார் என்று சிலர் எதிர்பார்த்தார்களாம். எழுந்தார். இறங்கிப் போய்விட்டார். நாற்காலியை யாரோ எடுத்துக் கீழே வைத்தார்கள்.

இருபத்தெட்டு முடிந்தது. இருபத்தொன்பது. "சடையன்," என்றாள். பொறுத்தாள். வாயைத் திறந்தாள்.

"நில்லு." கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சத்தம். "அது உங்க பேர் இல்ல. எங்க பேரு."

மருதப்பன் நடந்து வந்தார். ஜனம் வழி விட்டது. எண்ணெய் படிந்த செருப்பைக் கல்லுக்குக் கீழே விட்டுவிட்டு ஏறினார். அவர் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள்.

"சடையன். காய்ச்சல்ல லயத்துல படுத்திருந்தாரு. பேர் கூப்பிட்டாங்க, எந்திரிக்கல. கங்காணி அடுத்த பேருக்குப் போயிட்டாரு. அரிசி போயிருமேன்னு எங்க பாட்டிதான் எழுப்பி, போயா, போய் நில்லுன்னு முதுகுல கைய வச்சுத் தள்ளுச்சு. பாவாயி அனுப்பிச்சது."

அப்போதுதான் லோஷினிக்குத் தாளில் நாற்பது பேர் ஏன் என்று விளங்கியது. கங்காணியை வெயிலில் நிற்க வைத்தவள், தன் புருஷன் பேரை மட்டும் அவர் தலையில் போடவில்லை. மருதப்பன் பின்னால் சொன்னபடி, வருஷா வருஷம் இருபத்தொன்பதாவது பேருக்குக் கங்காணியை வாயை மூடச் சொல்லிவிட்டு, அவளே வெறுங்காலோடு ஏறி, அவளே சொல்லியிருக்கிறாள். அவள் செத்தபின், மணி வந்தபின், சொல்ல இடம் இல்லாமல் அவள் பேரன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று வாய்க்குள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சொல்லிவிட்டு யாருக்குச் சோறு இறங்கும்? அதைத்தான் திமிர் என்றார்கள். முதுகில் கை வைத்ததற்கு அந்தக் குடும்பம் எண்பது வருஷம் பதில் சொல்லியிருக்கிறது. நாற்பது பேரை லாரியில் ஏற்றிய குடும்பம் மணி ஆட்டியிருக்கிறது.

மருதப்பன் இறங்கவில்லை. மீதிப் பன்னிரண்டு பேரும் முடியும்வரை கூடவே நின்றார். அன்றைக்கு அவர் சாப்பிட்டாரா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாப்பிடவில்லை. அப்பாவும் சாப்பிடவில்லை, லோஷினியும் சாப்பிடவில்லை.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. பெரியப்பா இன்னும் அந்தப் பக்கம் வருவதில்லை. போன ஞாயிறு மறுபடி பேர் கூப்பிட்டார்கள். மைக் இல்லை, மணி இல்லை, குடை இல்லை. நாற்பது பேருக்குக் கங்காணி வீடு, ஒரு பேருக்குப் பாவாயி வீடு.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் பூப்பந்துக் களத்து ஓரத்தில் பாருங்கள். பழைய சிமெண்டுக் கல்லின்மேல் சொரசொரவென்று ஒரு பலகைக் கல் படுத்திருக்கும். அந்தக் கிரானைட்டுதான். பொன் எழுத்தும் முகமும் அடியில் இருக்கின்றன. அப்பா குப்புறப் போட்டுச் சிமெண்டு வைத்து ஒட்டிவிட்டார், யாராலும் புரட்ட முடியாது. வெயிலில் பழைய கல்லைவிட அது அதிகமாகச் சுடும். சுடட்டும். கால் மாற்றிக்கொள்ளலாம், இறங்கக் கூடாது. வயசானவர், சர்க்கரை வியாதி, பரீட்சை, கல்யாணம், எதுவும் செல்லாது.

பேர் கூப்பிட்டால் போய் நிற்க வேண்டும். இப்போது முறை கங்காணி வீட்டுக்கு.